வாங்கியது வீணை, பதிவானது அறை

கேள்வி: ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கல்யாணத்தோடு நின்றுபோன வீணையைத் திரும்பத் தொட்டிருக்கிறேன். தஞ்சாவூருக்கே போய், பட்டறையில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்து, ஏகாண்ட வீணை ஒன்று வாங்கி வந்தேன். அங்கே அதன் நாதம் அவ்வளவு நிறைவாக இருந்தது. வீட்டில் வாசிக்கும்போதும் என் காதுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வெளியூரில் இருக்கும் என் குருவுக்கு வாரம் ஒரு பதிவு அனுப்ப வேண்டும் என்பதற்காகக் கண்டென்சர் மைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கினோம். 10-க்கு 10 படுக்கையறை, டைல்ஸ் தரை. மைக் எனக்கு எதிரே ஐந்தடி தள்ளி, மூன்றடி உயரத்தில். பதிவைக் கேட்டால் யாரோ காலி டப்பாவுக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருக்கிறது. 3 கட்டையில் சுருதி சேர்த்துச் சரளி வரிசை வாசித்தால் ரிஷபம் மட்டும் ‘கும்’மென்று தூக்குகிறது. மைக் மட்டம், விலை கூடியதாக வாங்கலாம் என்கிறான் மகன். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கோ வீணையிலேயே கோளாறோ என்று பயம். திருப்பிக் கொடுத்துவிடலாமா?

— ஓய்வுபெற்ற ஆசிரியை, தாம்பரம்

பதில்: இப்படிக் கேட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மைக்கின் பெயர், மாடல், விலை, தள்ளுபடி எல்லாவற்றையும் எழுதிவிட்டு, அதை எங்கே வைத்தார்கள் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். நீங்கள் மைக்கின் பெயரையே சொல்லவில்லை. அறையின் அளவையும் மைக்கின் தூரத்தையும் உயரத்தையும் சுருதியையும் சொல்லிவிட்டீர்கள். பாடம் நடத்தியவர் பழக்கம் போகாது போலிருக்கிறது! பதிலுக்கு வேண்டிய விவரம் ஏறக்குறைய முழுவதும் இந்த நான்கில் இருக்கிறது. வீணையை இப்போதைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். மைக்கையும் மாற்ற வேண்டாம். முட்டை அட்டை முட்டைக் கடையிலேயே இருக்கட்டும்.

மகன் சொன்னதை முதலில் பார்ப்போம். கண்டென்சர் மைக் என்பது, மிக மெல்லிய ஒரு சவ்வும் அதன் பின்னால் ஓர் உலோகத் தகடும் சேர்ந்தது. ஒலி பட்டுச் சவ்வு அசையும்போது இரண்டுக்கும் உள்ள இடைவெளி மாறுகிறது. அந்த மாற்றம் மின் அலையாகிறது. இதற்கு வேண்டிய 48 வோல்ட்டை இன்டர்ஃபேஸ் தருகிறது. (இன்டர்ஃபேஸ் என்பது மைக்கின் மின் அலையைப் பெருக்கி, கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றும் பெட்டி.) இன்று கிடைக்கும் சாதாரண விலைக் கண்டென்சர்கூட, வீணையின் அடி நாதத்திலிருந்து கம்பியின் கீச்சொலி வரை பெரிதாகக் கோணாமல் எடுத்துவிடும். விலை ஏற ஏற மைக்கின் சொந்த இரைச்சல் குறையும், உச்ச ஒலிகள் கொஞ்சம் இதமாக இருக்கும். ஆனால் ஐந்து மடங்கு விலையுள்ள மைக்கை அதே இடத்தில் வைத்தால், அதே டப்பாவை இன்னும் துல்லியமாகப் பதிந்து தரும், அவ்வளவுதான்.

“அப்படியானால் மேடையில் பாடகர்கள் பிடிக்கிற டைனமிக் மைக் வாங்கினால் அறையின் ஓசை வராதே” என்று யாராவது சொல்வார்கள். அதையும் நம்பாதீர்கள். அந்த மைக்கை வாயருகே வைத்துப் பாடுகிறார்கள், அதனால்தான் சுற்றுப்புறம் அதில் தெரிவதில்லை. ஐந்தடி தள்ளி வைத்தால் அதுவும் இதே அறையைத்தான் எடுத்துத் தரும். பதிவின் அமைப்பில் 44.1 கிலோ ஹெர்ட்ஸை 96 ஆக்குவதும் அப்படித்தான். 44.1 என்பதே 22 கிலோ ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைப் பிடித்துவிடும். நம் காதின் எல்லை சிறு வயதிலேயே 20 தான்.

இனி முட்டை அட்டை. இந்த யோசனை எந்த ஊருக்குப் போனாலும் நமக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. மேடு பள்ளமான அதன் தோற்றம் ஒலிப்பதிவுக் கூடத்துச் சுவரை நினைவூட்டுவதால் வந்த வினை. ஒலியை உறிஞ்சுவதற்கு, காற்று உள்ளே புகுந்து உராய்ந்து களைத்துப்போகும் அளவுக்குத் தடிமனான, நுண்துளைகள் நிறைந்த பொருள் வேண்டும். எவ்வளவு தடிமன் என்பது அலையின் நீளத்தைப் பொறுத்தது. நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் ஓடுகிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 35 சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸின் அலை மூன்றரை மீட்டர். அலைநீளத்தில் கால் பங்கு தடிமன் இருந்தால் உறிஞ்சல் நன்றாக நடக்கும் என்பது பொதுக் கணக்கு. காகிதக் கூழில் செய்த மெல்லிய அட்டை, உச்ச ஒலிகளில் ஒரு பகுதியைக் கொஞ்சம் மழுக்கும். அடி ஒலிகளைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஆக வீணையின் பளபளப்பு போய், ‘கும்’ மட்டும் மிஞ்சும். அடுத்த வீட்டுக் குக்கர் விசில் உள்ளே வராமல் அது தடுக்குமா என்றால், அதற்கும் கனமான சுவர் வேண்டும், அட்டை போதாது. தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும்.

சரி, மைக்கில் கோளாறு இல்லை என்றால் உங்கள் காதுக்குக் கேட்காத டப்பா மைக்குக்கு மட்டும் எப்படிக் கேட்டது?

உங்கள் காது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வீணையின் குடம் வலப்பக்கம் தரையில், சுரைக்காய் இடத் தொடையில். மேற்பலகை மேலே பார்த்துக்கொண்டு, சற்றே உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. உங்கள் காதுக்கும் பலகைக்கும் இடையே சுமார் இரண்டடி. போதாததற்குத் தொடையிலும் முழங்கையிலும் மரத்தின் அதிர்வு நேராகவே தெரிகிறது. இவ்வளவு நல்ல இடம் எந்தக் கச்சேரியிலும் எந்த ரசிகருக்கும் கிடைக்காது. அப்படியும் அறையின் எதிரொலிகள் உங்கள் காதுக்கு வராமல் இல்லை. வருகின்றன; மூளைதான் அவற்றைத் தனியே எடுத்து வைக்காமல் முதல் ஒலியோடு சேர்த்துவிடுகிறது. முதலில் வந்த ஒலியின் திசையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த 30 மில்லி நொடிக்குள் (ஒரு நொடியின் ஆயிரத்தில் 30 பங்கு) வரும் பிரதிகளை அதன் கணக்கிலேயே எழுதிக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்கு ‘முதல் ஒலி முன்னுரிமை’ என்று சொல்லலாம். 1949-இல் ஹெல்முட் ஹாஸ் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். 10-க்கு 10 அறையில் முதல் சில எதிரொலிகள் எல்லாமே இந்த வரம்புக்குள் வந்துவிடுகின்றன. அதனால் அவை எதிரொலி என்றே உங்களுக்குத் தோன்றுவதில்லை.

இந்த வேலையை மூளை செய்ய இரண்டு காதும் வேண்டும். சோதித்துப் பார்க்க ஒரு பைசா செலவில்லை. பேரனையோ பேத்தியையோ வீணையின் தந்திகளை மீட்டச் சொல்லிவிட்டு, மைக் இருக்கும் இடத்தில் உங்கள் தலையை வைத்து, ஒரு காதை விரலால் இறுக அடைத்துக் கேளுங்கள். அறை திடீரென்று பெரிதாகி, வீணை பின்னுக்குப் போனதுபோல் இருக்கும். உங்கள் ஒற்றை மைக் கேட்டது இதைத்தான். அது பொய் ஏதும் சொல்லவில்லை; நீங்கள் இத்தனை நாள் கேட்காமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னது.

எவ்வளவு சேர்த்தது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். நேரொலி, அதாவது வீணையிலிருந்து சுவரில் படாமல் மைக்குக்கு வரும் ஒலி, தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். ஆற்றலில் கால் பங்காகிவிடும். சுவர், தரை, கூரை எல்லாவற்றிலும் மோதி அறையெங்கும் நிறைந்திருக்கும் கலவை ஒலியோ, மைக்கை எங்கே வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். ஆகவே ஏதோ ஒரு தூரத்தில் இரண்டும் சமமாகும். அதை எல்லைத் தூரம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு உள்ளே வைத்தால் மைக்குக்கு வீணை கேட்கும். வெளியே வைத்தால் அறை கேட்கும்.

இந்தத் தூரத்தைக் கண்டுபிடிக்க இரண்டு விவரம் போதும்: அறையின் கன அளவு, கார்வை நேரம். கார்வை நேரம் என்றால் ஒலியை நிறுத்திய பிறகு அது 60 டெசிபல் தேய்ந்து அடங்க ஆகும் நேரம். இதை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபின். 1895-இல் அங்கே ஃபாக் கலைக்கூடத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை. சொன்ன சொல் அடங்க ஐந்தரை நொடி ஆயிற்று. சரிசெய்யச் சொல்லி சபினிடம் கொடுத்தார்கள். அவர் கையாண்ட கருவிகள் ஓர் ஆர்கன் குழல், நேரம் அளக்க ஒரு கடிகார ஏற்பாடு, பக்கத்து நாடக அரங்கிலிருந்து கொண்டுவந்த இருக்கை மெத்தைகள். ராத்திரியில் மெத்தைகளைச் சுமந்துபோய், கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கி, கார்வை எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொண்டு, விடிவதற்குள் திருப்பி வைத்துவிடுவார்கள். கட்டட ஒலியியல் என்கிற துறையே அந்த மெத்தைகளின் மேல் எழுந்ததுதான். உங்கள் வீட்டில் மெத்தை இருக்கிறதல்லவா? அதற்கு அப்புறம் வருகிறேன்.

உங்கள் அறை 10-க்கு 10. கூரையும் ஏறக்குறைய 10 அடி என்றால் கன அளவு சுமார் 28 கன மீட்டர். டைல்ஸ் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை. கட்டில் இருப்பதால் கார்வை நேரம் 0.8 நொடி என்று எடுத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் எல்லைத் தூரம் சுமார் 34 சென்டிமீட்டர், ஓர் அடிக்குக் கொஞ்சம் கூட! உங்கள் மைக் முன்பக்கத்தை மட்டும் கூர்ந்து கேட்கும் ரகமாக இருந்தால் (பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், அதைக் கார்டியாய்டு என்பார்கள்) இது 58 சென்டிமீட்டர் வரை நீளும். நீங்கள் வைத்ததோ ஒன்றரை மீட்டரில். அங்கே அறையின் பங்கு வீணையின் பங்கைப் போல் ஏழு மடங்குக்கு அருகில் இருக்கும். சிறிய அறைகளில் இந்தச் சூத்திரம் தோராயம்தான், ஆனால் எந்தப் பக்கம் எடை சாய்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

‘டப்பா’ என்ற உணர்வுக்கு இன்னொரு கூட்டாளியும் உண்டு. அது உங்கள் தரை. வீணையிலிருந்து மைக்குக்கு நேராக ஒரு ஒலி போகிறது. டைல்ஸில் பட்டு இன்னொன்று போகிறது. நீங்கள் சொன்ன அளவுகளின்படி, இரண்டாவது ஒலி ஏறக்குறைய ஓர் அடி கூடுதலாக நடந்து, ஒரு மில்லி நொடிக்குச் சற்றுக் குறைவான தாமதத்தில் வந்து சேரும். ஒரே ஒலி இரண்டு தடவை, இம்மி நேரம் தள்ளிச் சேர்ந்தால், சில அதிர்வெண்களில் இரண்டும் கைகோத்துப் பெருகும், சிலவற்றில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழியும். இந்த இடத்தில் 570, 1700, 2840 ஹெர்ட்ஸைச் சுற்றிப் பள்ளங்கள் விழும். வரைபடத்தில் போட்டால் சீப்பின் பற்களைப் போல் இருக்கும். ஒலிப்பதிவாளர்களும் சீப்பின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள்.

வீணைக்கு இது மற்ற வாத்தியங்களைவிடக் கூடுதலாக உறைக்கும். குதிரையின் மேல் இருக்கிற தகடு லேசான வளைவோடு இருப்பதால், அதிரும் தந்தி அந்த வளைவில் ஒட்டியும் விலகியும் ஓயாமல் உரசுகிறது. அதில்தான் உச்ச ஒலிகள் அத்தனை செழிப்பாகப் பிறக்கின்றன. தந்தியை எந்த இடத்தில் மீட்டினால் எந்த மேல் ஒலி வராது என்று ஐரோப்பிய இயற்பியல் வகுத்து வைத்திருந்த விதி வீணையிலும் தம்புராவிலும் செல்லுபடியாகவில்லை என்று சி.வி. ராமன் 1921-இல் கட்டுரை எழுதியதும் இந்தக் குதிரையைப் பார்த்துத்தான். செழிப்பாக இருக்கிற இடத்தில் சீப்பு ஓடினால் இழப்பு பளிச்சென்று தெரியத்தானே செய்யும்.

இப்போது உங்கள் ரிஷபத்துக்கு வருவோம். கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சில அதிர்வெண்கள் மட்டும் போய் வந்து போய் வந்து தாமே வலுத்துக்கொள்ளும். இவை அறையின் சொந்தச் சுரங்கள். ஒலியின் வேகத்தைச் சுவர்களின் இடைவெளியைப் போல் இரு மடங்கால் வகுத்தால் முதல் சுரம் கிடைக்கும். 10 அடிக்கு அது சுமார் 57 ஹெர்ட்ஸ். அடுத்தடுத்து 115, 172. நீளமும் அகலமும் உயரமும் வேறு வேறாக இருந்தால் மூன்று பக்கமும் மூன்று விதமாகப் பாடும், எதுவும் ஓங்காது. உங்கள் அறையில் மூன்றும் 10 அடி. மூன்று பக்கமும் ஒரே சுரத்தில் சேர்ந்துகொள்கின்றன. ஒலிப்பதிவுக்கு இதைவிட மோசமான வடிவத்தைத் தேடிப் பிடிக்க முடியாது, ஆனால் அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

3 கட்டையில் உங்கள் சாரணித் தந்தியின் ஸட்ஜம் சுமார் 165 ஹெர்ட்ஸ். சரளி வரிசை மாயாமாளவகௌளையில். அதன் ரிஷபம் சுத்த ரிஷபம், சுமார் 175 ஹெர்ட்ஸ். அறையின் 172-ஐ அது தொட்டுக்கொண்டு நிற்கிறது! உங்கள் ரிஷபத்தோடு அறையும் சேர்ந்து பாடுகிறது. மந்தர ஸ்தாயியில் மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையில் எங்காவது தூக்குகிறதா என்றும் கவனித்துப் பாருங்கள். அங்கே 115 இருக்கிறது.

வீணையின் மெட்டு காரணமா, அறை காரணமா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. பிரடைகளைத் தளர்த்திச் சுருதியை அரைக் கட்டை இறக்கி, இரண்டரைக் கட்டையில் சேருங்கள். மறுபடி அதே வரிசை. கோளாறு வீணையில் என்றால் அதே மெட்டில் அதே ரிஷபம்தான் தூக்கும். அறையில் என்றால் சுத்த ரிஷபம் அடங்கிவிடும். ஒரு மெட்டு மேலே, சதுசுருதி ரிஷபம் கிளம்பும். உட்கார்ந்த இடத்தை இரண்டடி நகர்த்தினாலும் தூக்கல் மாறினால், அதுவும் அறைதான் என்பதற்கு அடையாளம்.

பட்டறையில் ஏன் அப்படி இல்லை என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். தெருவைப் பார்த்துத் திறந்த வாசல், குடைந்தும் குடையாமலும் கிடக்கும் பலாக்கட்டைகள், சீவல் குவியல், மூலைக்கு மூலை சாமான். வெளியே போன ஒலி திரும்பி வராது. உள்ளே மோதிய ஒலி நூறு திசையில் சிதறும். வழவழப்பான வெறும் சுவர் இரண்டு நேருக்கு நேர் நிற்பது அங்கே அபூர்வம்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? மைக்கை நெருக்கி வைப்பதுதான் பாதி வேலை. பலகையிலிருந்து ஓர் அடி, ஒன்றேகால் அடி தூரத்தில், மேலிருந்து கீழே பார்க்கும்படி வையுங்கள். வளைந்து நீளும் கையுள்ள ஸ்டாண்டாக இருந்தால் சுலபம். மைக்கின் முகம் குதிரையை நேரே பார்க்க வேண்டாம். பார்த்தால் மீட்டும் விரலில் மாட்டிய கம்பியின் ‘டிக் டிக்’ முன்னால் வந்து நிற்கும். குதிரைக்கும் கடைசி மெட்டுக்கும் நடுவே பார்க்கட்டும். இப்படி வைப்பதில் இன்னொரு லாபம்: கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம், அந்த முதுகு இப்போது கூரையைப் பார்த்திருக்கும். வீணைப் பலகை மேல்நோக்கி அனுப்பும் ஒலியைத் திருப்பி அனுப்புவதில் கான்கிரீட் கூரைக்குத்தான் முதல் பங்கு என்பதால், அடைக்க வேண்டிய வாசல் அதுதான். அதற்காக அரையடிக்குள் கொண்டுபோய்விடாதீர்கள். இந்த ரக மைக்குகள் மிக நெருங்கினால் அடி ஒலியைத் தாமாகவே ஊதிப் பெருக்கும். கமகத்தில் இடக்கை தந்தியின் மேல் இழையும் கீச்சும் காதைக் குத்தும்.

மைக் நெருங்கியதால் இன்டர்ஃபேஸில் ஒலியளவைக் குறைக்க வேண்டிவரும். தாளத் தந்தியும் சேர்த்து வலுவாக மீட்டும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நின்றால் போதும். 24 பிட்டில் பதிகிறபோது இன்னும் மேலே ஏற்றிச் சிவப்பைத் தொட வைப்பதில் எந்த நன்மையும் இல்லை.

அப்புறம் மெத்தை. இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரில் அதை நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள், சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு. சுவரை ஒட்டிய இடத்தில் காற்றுத் துகள்கள் அசைய முடியாது. அசைவில்லாத இடத்தில் பஞ்சுக்கும் வேலையில்லை. ஒரு சாண் தள்ளினால் அதே பஞ்சு இன்னும் கீழான ஒலிகளையும் பிடிக்கும். எதிர்ச் சுவரில் கொடி கட்டி ரஜாயையோ கனத்த போர்வையையோ மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடலாம். உங்களுக்கும் மைக்குக்கும் கீழே ஜமக்காளம் இரட்டையாக. துணி அலமாரி இருந்தால் கதவைத் திறந்து வையுங்கள். அடுக்கிய பட்டுப் புடவைகள் ஒலியை உறிஞ்சுவதில் எந்த ஸ்டுடியோ பலகைக்கும் இளைத்தவையல்ல. அறைக் கதவையும் திறந்து வைத்தால் அடி ஒலியில் கொஞ்சம் வெளியேறும். அறையின் நட்டநடுவில் உட்கார வேண்டாம், மூலையிலும் வேண்டாம். ஒரு சுவரிலிருந்து மூன்றடி, அடுத்த சுவரிலிருந்து நாலடி என்று ஒழுங்கில்லாமல் உட்காருங்கள். ஸ்டீல் பீரோ இருந்தால் அதன் மேல் வைத்த தட்டுமுட்டுச் சாமான்களை இறக்கிவிடுங்கள். சில சுரங்களுக்கு அவை கூடவே ரீங்காரமிடும், காரணம் தேடி நீங்கள் வீணையைச் சந்தேகிப்பீர்கள்.

மின்விசிறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். வீணை மெல்லிய குரல் கொண்ட வாத்தியம். அதற்காக ஒலியளவைக் கூட்டினால் விசிறியும் கூடவே கூடும். தாம்பரத்தில் மே மாதம் இது தவம்தான். விடிகாலையில் பதிந்துவிடுவது நல்லது.

கொஞ்சம் வறட்டுத்தனமாகக் கேட்கிறதே என்று தோன்றினால் கவலைப்படாதீர்கள். கார்வையைக் கணினியில் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். பதிவோடு கலந்துவிட்ட அறையைப் பிரித்தெடுப்பதுதான் பாடு. மேடையில் வீணைக்காரர்கள் பயன்படுத்துகிறார்களே, வாத்தியத்தோடு ஒட்டிக்கொள்ளும் பிக்கப், அதை மாட்டினால் அறை அறவே வராது. ஆனால் அது மரத்தையும் தந்தியையும் தொட்டுக் கேட்கிறது, காற்றில் வந்து கலக்கும் நாதத்தைக் கேட்பதில்லை. குருவுக்கு விரல் சுத்தம் தெரிந்தால் போதுமென்றால் சரி. புது வீணையின் குரலை அவர் கேட்க வேண்டும் என்றால் என் ஓட்டு மைக்குக்குத்தான்.

எதில் போட்டுக் கேட்டீர்கள் என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. செல்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் என்றால், மந்தர ஸட்ஜத்தின் 82 ஹெர்ட்ஸும் அனுமந்தரத்தின் 62-உம் அதிலிருந்து வெளியே வரவே வராது. மேல் ஒலிகளைக் கொண்டு மூளை அவற்றை ஊகித்துக்கொள்ளுமே தவிர, கனம் இருக்காது. நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். குருவையும் அப்படியே கேட்கச் சொல்லுங்கள்.

வீணையைப் பற்றிய பயம் தீர வேண்டுமானால் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். சுவரும் கூரையும் இல்லாத இடம் உங்கள் வீட்டில் அது ஒன்றுதான். கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி, ஜமக்காளம் விரித்து, மைக்கைப் பழையபடி அதே ஐந்தடியில் அதே மூன்றடி உயரத்தில் வைத்து, 3 கட்டையில் சரளி வரிசையைப் பதியுங்கள். காக்கையும் பால் வண்டியும் கோயில் ஒலிபெருக்கியும் கூடவே பதிவாகும், பரவாயில்லை. டப்பா மறைந்து ரிஷபமும் மற்ற சுரங்களோடு சமமாக நின்றால் வீணை நல்ல வீணை.

அங்கேயும் குறிப்பிட்ட ஒரு மெட்டில் மட்டும் ஒலி செத்தோ இரைந்தோ கேட்டால், மெட்டைத் தாங்கும் மெழுகு அந்த இடத்தில் இளகியிருக்கலாம், மெட்டின் உயரம் இம்மி தவறியிருக்கலாம். 24 மெட்டும் மெழுகில் உட்கார்ந்திருக்கிற வாத்தியம், தஞ்சாவூரிலிருந்து தாம்பரம் வரை வெயிலில் பயணம் செய்தும் வந்திருக்கிறது, இது நடக்கக்கூடியதே. அப்போதும் திருப்பிக் கொடுக்கும் பேச்சு வேண்டாம். மொட்டை மாடிப் பதிவை, வீணையைச் செய்தவருக்கு அனுப்பி, எந்தத் தந்தியில் எத்தனையாவது மெட்டு என்று குறித்துக் கொடுங்கள். மேளம் கட்டித் தருவது, அதாவது மெழுகை இளக்கி மெட்டுகளைச் சுருதிக்குச் சரியாக உட்கார வைப்பது, அவர்களுக்கு அன்றாட வேலை. படுக்கையறைப் பதிவை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அதை வைத்து அவரால் உங்கள் அறையைத்தான் பழுது பார்க்க முடியும்.